நாரும் நீரும் பசையும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, ஒரே விடயத்தை வெவ்வேறு கோணத்தில் கேட்கின்றன. கடதாசியும் பலகையும் தும்பும் எப்போது ஒட்டும், எப்போது விட்டுப்போகும்? இவை எல்லாவற்றிலும் இருப்பது செலுலோசு நார்தான். ஆகவே அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வாழைப்பட்டையை அவித்து மாணவர்களுடன் கடதாசி செய்து பார்க்கிறோம். தாள் காய்ந்ததும் தும்பு தும்பாக உதிர்கிறது. கூழில் பசை கலக்காததுதான் காரணமா? (ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: பசை காரணமல்ல. நார்கள் ஒன்றோடொன்று தாமாகவே ஒட்டும். உங்கள் தாளில் அவை போதிய அளவு நெருங்கவில்லை, அவ்வளவுதான்.

செலுலோசு என்பது குளுக்கோசு அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஐதரொட்சில் கூட்டங்கள் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் இணைந்தவை) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து நாரின் ஐதரொட்சில் கிட்ட வந்தால் இரண்டுக்கும் இடையில் ஐதரசன் பிணைப்பு உண்டாகும். தனித்தனியாக இவை பலவீனமானவை. கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் தாள் கிழியாமல் நிற்கும். ஆனால் இந்தப் பிணைப்பு எட்டும் தூரம் ஏறத்தாழ 0.3 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் முப்பது இலட்சத்தில் ஒரு பங்கு. முரட்டு நாரைக் கையால் அழுத்தி அவ்வளவு கிட்டக் கொண்டுவர முடியாது. அந்த வேலையைச் செய்வது நீர். தாள் காயும்போது நார்களுக்கு இடையே மிஞ்சியிருக்கும் நீர்ப்படலம் சுருங்கி, இரு பக்கத்து நார்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். நார் மெல்லியதாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தால் இழுபட்டு வந்து ஒட்டும். விறைப்பாக இருந்தால் நீர் போய்விடும், நார் அப்படியே நிற்கும். நீங்கள் காண்பது இதைத்தான்.

நாரை மென்மையாக்கும் முறை இது. காய்ந்த வாழைப்பட்டை 1 கிலோவை 2 முதல் 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி ஓரிரவு ஊறவிடுங்கள். 200 கிராம் சலவைச் சோடாவை 12 லீற்றர் நீரில் கரைத்து, அதில் 3 மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமலாகவோ இருக்கட்டும். வீடுகளில் உள்ள அலுமினியப் பானையைச் சோடா அரித்துவிடும், கூழும் கறுத்துப்போகும். ஒரு துண்டை எடுத்து இரு விரலால் இழுத்தால் நார் சிரமமில்லாமல் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம். நாரை நாரோடு இறுக்கிப் பிடித்திருக்கும் இலிக்னினும் பிற பொருட்களும் கரைந்து வெளியேறத்தான் இத்தனை கொதிப்பு. அந்த நீர் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கொதிக்க வைப்பதையும் வடிப்பதையும் கையுறை போட்ட பெரியவர்களே செய்யட்டும். பிறகு துணியில் கட்டி, வழுவழுப்பு நீங்கி நீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள்.

அடுத்தது இடித்தல். உங்கள் தாள் உதிர்வதற்கு இங்கேதான் காரணம் இருக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலானோர் மிக்சியில் போட்டு அரைத்துவிட்டு முடிந்தது என்கிறார்கள். மிக்சி நாரை வெட்டும், நசுக்காது. வெட்டிய நார் குட்டையாகும், ஒட்டும் பரப்போ அதிகரிக்காது. பலகையில் ஈரநாரைக் கைப்பிடியளவு வைத்து மரச் சுத்தியலால் அரை மணித்தியாலமாவது அடிக்க வேண்டும். அப்போதுதான் நாரின் மேற்பரப்பு கிழிந்து, மயிரிழை போன்ற நுண்நார்கள் எழும். அந்த நுண்நார்கள்தான் பக்கத்து நாரைப் பற்றிக்கொள்பவை. கண்ணாடிப் போத்தலில் நீர் நிரப்பி ஒரு சிட்டிகை கூழ் போட்டுக் குலுக்குங்கள். கட்டியில்லாமல் மேகம்போல் பரவி, மெல்ல இறங்கினால் இடித்தது போதும். விரைவாக அடியில் தங்கினால் போதாது.

தொட்டியில் லீற்றர் ஒன்றுக்கு 5 கிராம் உலர்நார் என்ற கணக்கு நல்லது. மரச்சட்டத்தில் நைலோன் நுளம்பு வலையை இறுக்கி அடித்தால் சல்லடை தயார். ஏ4 அளவுத் தாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 6 கிராம் நார் போகும். தாளைப் பருத்தித் துணியில் கவிழ்த்து, துணியும் தாளுமாக அடுக்கி, இரண்டு பலகைகளுக்கு இடையில் அழுத்துங்கள். கருங்கல் வைத்தால் போதாது. உறுதியான சட்டத்துக்குள் வைத்து லொறி ஜாக்கால் அழுத்தினால் தாளின் பலம் கண்கூடாகக் கூடும். கடைசியாக, தாளைத் தொங்கவிடாமல் கண்ணாடியிலோ மழமழப்பான பலகையிலோ ஒட்டிக் காயவிடுங்கள், சுருங்காது. ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் காய்ந்த காற்று இதற்கு மிகப் பொருத்தம். அதே மாதங்களில் அட்டனிலும் மஸ்கெலியாவிலும் மழை. அங்கே செய்பவர்கள் அடுப்படிக்குப் பக்கத்தில் காயவிடாவிட்டால் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும்.

பேனாவால் எழுத வேண்டுமென்றால் மட்டும், காய்ந்த தாளின்மேல் மிக ஐதான மரவள்ளி மாக் கஞ்சியைப் பூசுங்கள். அது நாரை ஒட்டவைப்பதற்கல்ல, மை ஊறிப் பரவாமல் இருப்பதற்கு.

கேள்வி: பழைய பத்திரிகைகளைக் கரைத்துச் செய்யும் தாள், ஒவ்வொரு முறையும் முன்னையதைவிட நொய்ந்துபோகிறது. ஏன்? (அட்டன்)

பதில்: நார் ஒருமுறை முழுதாகக் காய்ந்தால், அதன் சுவருக்குள் இருக்கும் நுண்ணிய இடுக்குகள் மூடி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மறுபடி நீரில் போட்டாலும் அவற்றில் ஒரு பகுதி திறக்காது. நார் முன்போல் ஊறாது, வளையாது, ஆகவே பக்கத்து நாரோடு நெருங்காது. ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் நார் நீளத்தில் குட்டையாவதும் உண்டு. பாதிக்குப் பாதி புதிய நாரைச் சேருங்கள். வாழை நாராயினும் வைக்கோல் நாராயினும் சரி. வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலிலிருந்தே கடதாசி செய்தது. நம் நாட்டில் அது புதிய மூலப்பொருள் அல்ல.

கேள்வி: நுவரெலியாவில் தளபாடம் செய்கிறேன். மார்கழி, தை மாதங்களில் வெள்ளை மரப்பசையால் ஒட்டிய பொருத்துகள் சில வாரங்களில் விட்டுப்போகின்றன. பிரிந்த இடத்தில் பசை சுண்ணாம்புபோல் வெள்ளையாக இருக்கிறது. பசை போலியா?

பதில்: சுண்ணாம்புபோல் இருந்தது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பெரும்பாலும் பசையில் குறையில்லை. ஒட்டிய நேரத்தில் குளிர் அதிகம்.

வெள்ளைப் பசை என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பொலிவினைல் அசற்றேற்று உருண்டைகள். மரம் நீரை உறிஞ்சும்போது உருண்டைகள் நெருங்கி, இளகி, ஒன்றாகக் கலந்து கண்ணாடி போன்ற படலமாக வேண்டும். குளிரில் அந்த உருண்டைகள் விறைத்துவிடும். நெருங்கும், ஆனால் கலக்காது. நீர் போனபின் மிஞ்சுவது வெள்ளைத் தூள். சாதாரண மரப்பசைக்கு இந்த எல்லை பொதுவாக 10 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். டின்னில் அச்சிட்டிருக்கும், பாருங்கள். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாத இரவுகளில் புல்லில் உறைபனி படியும். பகலில் ஒட்டினாலும் இரவில் பட்டறை அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். பசை டின்னை மட்டும் சூடான இடத்தில் வைப்பது போதாது, பலகையும் சூடாக இருக்க வேண்டும். முதல்நாள் இரவே பலகையை வீட்டுக்குள் எடுத்துவையுங்கள். காலை ஒன்பது பத்து மணிக்கு ஒட்டி, கிளாம்பைக் குறைந்தது மூன்று நான்கு மணித்தியாலம் கழற்றாதீர்கள். இரவிலும் பொருளை அடுப்புச் சூடு படும் அறையில் வைத்திருங்கள். முழுப் பலம் வர 24 மணித்தியாலம், குளிரில் இன்னும் கூட.

குளிரைச் சரிசெய்தபின்னும் விட்டுப்போனால் மரத்தின் ஈரத்தைப் பாருங்கள். ஒட்டுவதற்கு 8 முதல் 12 வீதம் ஈரம் ஏற்றது. நம் மலைப்பகுதியின் 80, 85 வீத காற்று ஈரப்பதனில் திறந்த கொட்டிலில் கிடக்கும் பலகை 16 முதல் 18 வீதத்திலேயே நின்றுவிடும். எத்தனை மாதம் அடுக்கி வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. அந்தப் பலகையில் செய்த மேசை கொழும்பில் குளிரூட்டிய அறைக்குப் போனால் சுருங்கிப் பொருத்தைப் பிளக்கும். அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. பலகையின் நடுவிலிருந்து ஓர் அங்குலத் துண்டு வெட்டி நிறுங்கள். கேக் சுடும் அவனில் 103 பாகையில் வைத்து, நிறை இனிமேல் குறையாது என்னும்வரை காயவிட்டு மறுபடி நிறுங்கள். 58 கிராம் 50 ஆனால், குறைந்த 8 ஐ 50 ஆல் வகுத்தால் 16 வீதம். எப்போதும் காய்ந்த நிறையால்தான் வகுக்க வேண்டும்.

மூன்றாவது, மேற்பரப்பு. சீவி நாட்கணக்கில் வைத்த பலகையில், மரத்தின் உள்ளிருந்து எண்ணெயும் பிசினும் மேலே வந்து படிந்து ஐதரொட்சில்களை மூடிவிடும். ஒரு சொட்டு நீர் விடுங்கள். அரை நிமிடம் கழித்தும் முத்துப்போல் நின்றால் அந்தப் பரப்பில் பசையும் நனைந்து பரவாது. மறுபடி சீவுங்கள், சீவிய அன்றே ஒட்டுங்கள். யூகலிப்டஸ் போன்ற அடர்ந்த மரத்துக்கு இது கட்டாயம். பைன் மரத்தில் பிசின் திட்டு தெரிந்தால் தின்னரால் துடைத்து உலரவிடுங்கள்.

பசையைச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிராம் அளவில் பூசுங்கள். கிளாம்பை இறுக்கும்போது விளிம்பில் சிறு மணிகளாகப் பசை தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் குறைவு. வழிந்தோடினால் அதிகம், அல்லது அளவுக்குமீறி இறுக்கிவிட்டீர்கள். பலகையின் வெட்டுமுனை குழாய்களின் வாய்போல் திறந்திருப்பதால் பசையை உள்ளே குடித்துவிடும். அங்கே பாதிக்குப் பாதி நீர் கலந்த பசையை முதலில் பூசி, பத்து நிமிடம் கழித்துச் சரியான பசையைப் பூசலாம். ஆனாலும் வெட்டுமுனைப் பொருத்தைப் பசையை மட்டும் நம்பி விடாதீர்கள். கூர்முனையும் துளையும் அல்லது மர ஆணி வேண்டும். மழை படும் யன்னல், கதவுக்கு இந்தச் சாதாரண வெள்ளைப் பசையே வேண்டாம். நீர் தாங்கும் வகையை வாங்குங்கள்.

கேள்வி: கோதுமை மாப் பசையால் லயக் காம்பராச் சுவரில் கடதாசி ஒட்டினால், ஒரு மாதத்தில் கழன்று விழுகிறது, பூஞ்சணமும் பிடிக்கிறது. உயரத்தில் தண்ணீர் சரியாகக் கொதிக்காததால் மா வேகவில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சரியா? (மஸ்கெலியா)

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. உயரம் ஏற ஏறக் கொதிநிலை 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் குறையும். உங்கள் ஊரில் அது 96 பாகையளவில் இருக்கும். ஆனால் கோதுமை மாப்பொருள் 60 பாகையைச் சுற்றியே ஊதி வெடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே உயரத்தால் பசைக்கு ஒரு கெடுதியுமில்லை.

100 கிராம் மாவை 100 மில்லிலீற்றர் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். 500 மில்லிலீற்றர் கொதிநீரில் மெல்ல ஊற்றிக் கிளறி, சிறு தீயில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். வெண்மை மாறிப் பளபளப்பு வர வேண்டும். வெண்மையாகவே இறக்கினால் மாமணிகள் வெடிக்காமல் இருக்கும், காய்ந்ததும் தூளாகும். மாப்பொருளும் செலுலோசும் ஒரே குளுக்கோசால் ஆனவை, ஐதரொட்சில்களும் அவையே. அதனால்தான் இந்தப் பசை கடதாசியை அவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது.

கடதாசி கழன்றால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் பசையில் பிழையில்லை, சுவரில் பூசிய சுண்ணாம்புதான் சுவரை விட்டிருக்கிறது. தும்புத்தடியால் சுவரை நன்றாகத் தேய்த்துத் தூளைத் தட்டி, இரண்டு மடங்கு நீர் கலந்த ஐதான பசையை ஒருமுறை பூசிக் காயவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

பூஞ்சணத்துக்குச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் படுத்துறங்கும் அறைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கோதுமை மாவுக்குப் பதில் மரவள்ளியைத் துருவிப் பிழிந்து அடியில் படியும் மாவை எடுத்துப் பாவியுங்கள். அதில் புரதம் மிகக் குறைவு. பூஞ்சணமும் பூச்சியும் கோதுமை மாவில்போல் விரைவாக வருவதில்லை. 500 மில்லிலீற்றர் நீருக்கு 50 கிராம் போதும். மண்சுவரில் கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்றால் எந்தப் பசையும் நிற்காது. முதலில் பின்பக்கக் கானைத் துப்புரவாக்கி நீரை வேறுபக்கம் திருப்புங்கள்.

கேள்வி: மரத்தூளைச் சீமெந்தில் கலந்து கல் வார்த்தேன். மூன்று நாளாகியும் இறுகவில்லை. (புசல்லாவை)

பதில்: மரத்திலிருந்து கசியும் வெல்லப்பொருட்கள் சீமெந்தை இறுகவிடாது. தூளைக் கொதிநீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி நிறம் தெளியும்வரை கழுவிப் பிழிந்து கலவுங்கள். வெட்டிய புது மரத்தூள் வேண்டாம். பாரம் தாங்கும் சுவருக்கு இந்தக் கல் ஆகாது.

கேள்வி: சாதாரண கடதாசி நீரில் நைந்துவிடும். கொதிநீரில் போடும் தேயிலைப் பை மட்டும் ஏன் கரைவதில்லை? அதில் பிளாஸ்ரிக் இருக்கிறதா? வீட்டுத் தோட்ட உரக்குழியில் போடலாமா? (தலவாக்கலை)

பதில்: சாதாரணத் தாளை நனைத்தால் நீர் மூலக்கூறுகள் நார்களுக்கு இடையில் புகுந்து, ஐதரசன் பிணைப்புகளைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். தாளின் பலத்தில் 90 வீதத்துக்கு மேல் போய்விடும். தேயிலைப் பைத் தாளுக்கு இரண்டு பாதுகாப்பு உண்டு. ஒன்று, வாழையின் உறவான அபாக்கா என்னும் செடியின் மிக நீண்ட நார். பிலிப்பைன்சிலும் எக்குவடோரிலும் விளைவது. மற்றது, ஈரத்தைத் தாங்குவதற்காகக் கூழில் சேர்க்கும் ஒருவகைப் பிசின். தாள் காயும்போது அது நார்களைச் சுற்றி நீரால் அவிழ்க்க முடியாத இரசாயனப் பிணைப்பாகிவிடும்.

பிளாஸ்ரிக் இருக்கிறதா என்பது பையை மூடிய விதத்தைப் பொறுத்தது. மடித்துக் கம்பியோ நூலோ போட்டு மூடிய பைக்கு உருகும் பிளாஸ்ரிக் தேவையில்லை. சுற்றுவிளிம்பை அழுத்திச் சூட்டில் ஒட்டிய பையில், பொலிபுரொப்பிலீன் போன்ற உருகும் நார் கலந்திருக்கும். சில தயாரிப்புகளில் சோளத்திலிருந்து பெறும் பிளாஸ்ரிக் வரும். அதுவும் வீட்டு உரக்குழியின் சூட்டில் எளிதில் மக்காது. சூட்டில் ஒட்டிய பையைக் கிழித்துத் தூளை மட்டும் குழியில் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்யும் ஊறுகாயின் பிளாஸ்ரிக் போத்தலில் கடதாசி லேபல் நிற்கவில்லை. கண்ணாடிப் போத்தலில் நிற்கிறது. (பதுளை)

பதில்: கண்ணாடியின் மேற்பரப்பிலும் ஐதரொட்சில் உண்டு, நீர்ப்பசை அதை நனைக்கும். பொலித்தீன் வகைப் போத்தலில் பசை பிடிக்க எதுவுமில்லை, நீர்ப்பசை அதில் பரவாமல் சுருண்டு நிற்கும். பசையை மாற்றுவதைவிட லேபலின் நீளத்தை மாற்றுவது எளிது. போத்தலை முழுதாகச் சுற்றிவந்து ஒரு சென்ரிமீற்றர் மேற்படியும்படி வெட்டி, கடதாசியைக் கடதாசியோடு ஒட்டிவிடுங்கள். ஒட்டுமுன் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்கார நீரால் கழுவிக் காயவிட வேண்டும்.

கேள்வி: மண்சரிவில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, பிறப்புச் சான்றிதழ், உறுதிப் பத்திரம், படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இனி இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்? (ஹப்புத்தளை)

பதில்: முதலில் வேண்டியது வேகம். ஈரக் கடதாசியில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் வரத் தொடங்கும். பிரிக்க நேரமில்லை என்றால் கட்டுகளைப் பொலித்தீன் பையில் போட்டு, யாருடைய பிரிட்ஜிலாவது உறைபெட்டியில் வையுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சணமும் வளராது, தாள்களும் மேலும் ஒட்டாது. பிறகு சிறிது சிறிதாக எடுத்துப் பிரிக்கலாம்.

ஈரத் தாளை விரல்நுனியால் உரிக்காதீர்கள், கிழிந்துவிடும். மேல்தாளின்மேல் ஒரு பொலித்தீன் தாளை விரித்து மெல்லத் தடவுங்கள். நீரின் இழுவிசையால் தாள் அதோடு ஒட்டிக்கொள்ளும். மூலையிலிருந்து இரண்டையும் சேர்த்துத் தூக்குங்கள். துணியில் கவிழ்த்துவைத்துப் பொலித்தீனை உரித்துவிடலாம். காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில். வெயில் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். அச்சடித்த பத்திரிகையை இடையில் வைத்தால் அதன் மை ஏறலாம். வெள்ளைத் துணியோ சமையலறைத் திசுத்தாளோ வைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மைப்பேனாவால் எழுதியதாக இருந்தால் சேற்றைக் கழுவ முயலாதீர்கள், எழுத்தும் போய்விடும்.

பளபளப்பான தாளும் படங்களும் வேறு விதம். தாளின்மேல் பூசிய பூச்சு நனைந்து இளகியிருக்கும். அப்படியே காய்ந்தால் ஒரே கட்டியாகிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. ஈரமாக இருக்கும்போதே பிரியுங்கள், அல்லது உறையவையுங்கள். ஸ்ரூடியோவில் கழுவிய பழைய படங்களைச் சுத்தமான குளிர்நீரில் மிதக்கவிட்டால் தாமாகவே விலகும். படம் உள்ள பக்கத்தைத் தொடாமல் எடுத்து, முகம் மேலே இருக்கக் காயவிடுங்கள். வீட்டு இங்க்ஜெற் அச்சியந்திரத்தில் எடுத்த படங்களை நீரில் போடாதீர்கள்.

கிழிந்த சான்றிதழுக்கு செலோரேப் போடுவது நம்மிடம் பெரும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பசை மெல்ல மெல்ல நாருக்குள் ஊறி மஞ்சளாகி, எழுத்தோடு ஒன்றிவிடும். அசலை லமினேற் செய்வதும் அப்படித்தான். சூட்டில் உருகிய பிளாஸ்ரிக் நார்களுக்கு இடையில் இறங்கி இறுகினால் பிறகு எடுக்க முடியாது. போட்டோப் பிரதியை வேண்டுமானால் லமினேற் செய்யுங்கள். அசல் கிழிந்திருந்தால், மெல்லிய வெள்ளைத் திசுத்தாளில் விரலளவு கீற்று ஒன்றைக் கையால் கிழித்தெடுங்கள். கத்தரித்த விளிம்பைவிடக் கிழித்த விளிம்பில் நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும், நன்றாகப் பற்றும். மேலே சொன்ன மரவள்ளிப் பசையை இன்னும் ஐதாக்கித் தடவி, சான்றிதழின் பின்பக்கத்தில் ஒட்டி, இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு இடையில் பலகை வைத்து ஓரிரவு பாரமேற்றி வையுங்கள். பிழையாக ஒட்டிவிட்டாலும், பஞ்சில் நீர் தொட்டு நனைத்தால் கீற்று கழன்று வந்துவிடும்.